டயட்டீஷியன் ஆக நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலர் சறுக்குவது படிப்பில் சேரும்போதே. சில வார ஆன்லைன் சான்றிதழ் இருந்தால் மருத்துவமனை வேலை கிடைத்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள். பிரிட்டனில் பதிவு பெறாதவர் தன்னை டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு அங்கே இல்லை. அமெரிக்காவிலோ 2024 ஜனவரி முதல் பதிவுத் தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும். அதனால், நீங்கள் வேலை பார்க்க விரும்பும் நாட்டின் பதிவு அமைப்பு அந்தப் படிப்பை ஏற்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கட்டணமெல்லாம் அப்புறம்.

"சாப்பாடு பற்றிய படிப்புதானே" என்று உயிர்வேதியியலை ஒப்புக்குப் படிப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. பல நாள் பட்டினி கிடந்த நோயாளிக்கு அவசரமாக நிறைய உணவு கொடுத்தால் என்ன ஆகும்? இன்சுலின் சட்டென்று கூடும்; ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும்; இதயத் துடிப்பே தடுமாறலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிற இந்த ஆபத்தை முன்கூட்டியே கணித்து, கலோரியைப் படிப்படியாக ஏற்றுவதில் டயட்டீஷியனுக்குப் பெரிய பங்கு உண்டு. மனப்பாடம் செய்த டயட் சார்ட் அங்கே உதவாது.

வார்டில் செய்யும் பயிற்சியைக் கையெழுத்துக்காக மட்டும் முடிப்பவர்களும் உண்டு. சர்வதேச அளவில் குறைந்தது 500 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி எதிர்பார்க்கப்படுகிறது. நோயாளி என்ன மருந்து எடுக்கிறார், வீட்டில் யார் சமைக்கிறார், எதை விடவே மாட்டார் என்று கேட்டுப் பழகும் இடம் அதுதான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவரிடம் "கீரையே வேண்டாம்" என்று சொல்லிவிடுவது சுலபம். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதுதான் காரணம். உண்மையில் அந்த வைட்டமினின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் இருந்தாலே போதும். கீரையைத் துறக்க வேண்டியதில்லை.

சரி, பலன்? முதல் சம்பளத்தை மட்டும் பார்த்துச் சோர்ந்துபோவது அவசரம். சிறுநீரகம், குழந்தைகள், தீவிர சிகிச்சை, விளையாட்டு என்று ஒரு துறையில் ஆழமாக இறங்கினால் வாய்ப்புகள் விரியும். உங்கள் ஆலோசனை பலித்ததா என்பதும் கண்முன்னே தெரியும். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும். அந்த எண் இறங்கி, மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்தால், அதில் உங்கள் உழைப்பும் இருக்கிறது.