கனடாவுக்குக் குடும்பத்தை அழைக்கும்போது சொந்த பி.ஆர். தகுதியைப் பறிகொடுக்கும் தவறுகள்

கனடாவில் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) பெற்றவர்கள், மனைவியையோ கணவரையோ ஸ்பான்சர் செய்யும்போது, அதாவது தம் பொறுப்பில் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும்போது, அந்த விண்ணப்பத்திலேயே முழுக் கவனத்தையும் வைத்துவிட்டுத் தங்கள் தகுதியை மறந்துவிடுகிறார்கள். முடிவு வரும்வரை வெளிநாட்டில் குடும்பத்தோடு இருந்துவிட்டுப் பிறகு எல்லோரும் சேர்ந்தே வரலாம் என்ற எண்ணம் பாசத்தில் பிறப்பது. ஆனால் பெரும் சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

ஸ்பான்சர் செய்பவர் பி.ஆர். மட்டும் உள்ளவர் என்றால், அவர் கனடாவில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். குடிமக்கள் வெளிநாட்டில் இருந்தபடியே துணையை ஸ்பான்சர் செய்யலாம், குடும்பம் வரும்போது கனடாவில் குடியேறுவோம் என்று காட்டினால் போதும், பி.ஆர். உள்ளவருக்கு அந்த வசதி கிடையாது. சிறிய பயணங்கள் தடையல்ல. ஆனால் மாதக்கணக்கில் வெளியே தங்கினால் அவர் கனடாவில் வசிக்கவில்லை என்று கருதி விண்ணப்பத்தையே நிராகரிக்க முடியும். பிரிவு தாங்க முடியாததாக இருந்தால், நீங்கள் போய்த் தங்குவதைவிட, துணைக்கு விசிட்டர் விசா விண்ணப்பிப்பதே நல்லது. நிரந்தரமாகக் குடியேறும் நோக்கம் இருப்பது மட்டுமே தற்காலிகமாக வருவதற்குத் தடையாகாது என்று சட்டமே சொல்கிறது. விசா கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் முயன்று பார்க்க வேண்டிய வழி இது.

அடுத்தது, பி.ஆர். தகுதியைத் தக்கவைக்க ஐந்து ஆண்டுகளில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற விதி. "இரண்டு வருடம்தானே, பிறகு இருந்துகொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் 2022 மார்ச் 10 அன்று பி.ஆர். ஆகிறார், மார்ச் 30 அன்று குடும்பத்திடம் திரும்பிப் போகிறார், 2025 ஏப்ரல் 1 அன்று மீண்டும் வந்து இறங்குகிறார். முதலில் இருந்தது 21 நாள். இனி எங்கும் போகாமலே இருந்தாலும், ஐந்து ஆண்டு முடியும் 2027 மார்ச் 9 வரை மீதமிருப்பது 708 நாள். கூட்டினால் 729. ஒரே ஒரு நாள் குறைகிறது. வந்து இறங்கும் நாளும் புறப்படும் நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே கணக்கில் சேரும் என்பதால், அவர் முந்தைய நாள் இரவு வந்திருந்தாலே தப்பியிருப்பார். முதல் ஐந்து ஆண்டு கடந்த பிறகும் இந்தக் கடமை தீர்வதில்லை. எந்த நாளில் பரிசோதிக்கிறார்களோ அந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு பின்னோக்கி எண்ணுவார்கள். பி.ஆர். கார்டைப் புதுப்பித்ததால் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. ஆகவே பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல், ஒவ்வொரு பயணத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

வெளிநாட்டில் கழித்த நாட்கள் சில நிலைகளில் கணக்கில் சேரும் என்பது உண்மைதான், ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். கனடாக் குடிமகனான கணவரோடோ குடிமகளான மனைவியோடோ இருந்த நாட்கள் சேரும். குடியுரிமை உள்ள பிள்ளையோடு பெற்றோர் இருந்த நாட்கள் சேராது. கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்கு வெளிநாடு அனுப்பினால் சேரும். இந்த நாட்களைக் காட்டுவதற்கென்றே தொடங்கிய நிறுவனம் செல்லாது.

கார்டு காலாவதியானால் பி.ஆர். போய்விட்டது என்று பயப்படுவதும் தவறு. தகுதி முறையான முடிவின் மூலமே பறிபோகும். வெளிநாட்டில் இருப்பவர் விமானத்தில் திரும்ப வேண்டுமானால், ஒருமுறைப் பயணத்துக்கான ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்; வசிப்பு நாட்கள் போதவில்லை என்று அது மறுக்கப்பட்டால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பதற்றத்தில், பி.ஆர். வேண்டாம் என்று தாமாக எழுதிக் கொடுக்கும் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

என்னை மிகவும் வருத்தப்படுத்துவது, குடும்பத்தினரை மறைக்கும் தவறு. தங்கள் பி.ஆர். விண்ணப்பத்துக்கும் கனடாவில் இறங்குவதற்கும் இடையில் திருமணமோ குழந்தையோ ஆகியிருந்தால், சொன்னால் தாமதமாகும் என்ற அச்சத்தில் சிலர் வாய்திறப்பதில்லை. அப்படி விடுபட்டவரைப் பின்னாளில் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்பதுதான் பொது விதி. கூட வராதவராக இருந்தாலும், இறங்குவதற்கு முன்பே எல்லோரையும் அறிவித்து, மருத்துவப் பரிசோதனைக்கும் உட்படுத்த வேண்டும். சில மாதத் தாமதத்துக்கு அஞ்சி, பெற்ற பிள்ளையை ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

ஸ்பான்சர் செய்யப்படும் பிள்ளை பொதுவாக 22 வயதுக்குக் குறைந்தவராகவும் திருமணமாகாதவராகவும் இருக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேரும் நாளில் உள்ள வயதே கணக்கு. ஒரு படிவம் விடுபட்டு முழுக்கட்டும் திரும்பி வந்து, அதற்குள் பிறந்தநாள் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். குடும்பம் வந்து இறங்கிய நாளிலிருந்து, அவர்கள் ஒவ்வொருவருக்கும் அதே 730 நாள் கணக்கு தனித்தனியே தொடங்குகிறது, அவர்களுடைய பி.ஆர். கார்டுகள் கனடா முகவரிக்கு மட்டுமே தபாலில் வரும் என்பதால், கார்டு கைக்கு வருவதற்கு முன்பே திரும்பிப் போகப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள்.