பழைய கார் வாங்கப் போகிறீர்களா? ஓடிய கிலோமீற்றரை எப்படிப் பார்ப்பது

ரொறன்ரோவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இந்தப் பேச்சு உங்கள் காதில் விழும். ஸ்காபரோவில் கலியாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் நாலு பேர் கூடினால், "என்ர கொரோலா நாலு இலட்சம் தாண்டிட்டுது, இன்னும் ஒரு சத்தம் இல்லை" என்பார் ஒருவர். "என்ர சிவிக் மூன்றரை, எஞ்சினில கை வைக்கேல்லை" என்பார் அடுத்தவர். இன்னொருவர் உங்கள் பக்கம் திரும்பி, "தம்பி, ஒரு இலட்சத்துக்கு மேல ஓடின கார் பக்கமே போகாதேங்கோ" என்பார். எல்லோரும் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக் காரை வாங்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

முதலில் ஒரு கணக்கு. கனடா மத்திய அரசு கார்களின் எரிபொருள் செலவை மதிப்பிடும்போது ஒரு கார் வருடத்துக்கு 20,000 கிலோமீற்றர் ஓடுவதாக எடுத்துக்கொள்கிறது. அதையே நீங்களும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். எட்டு வயதுக் கார் 160,000 ஓடியிருந்தால் அது சாதாரணம். அதே வயதுக் காரில் 60,000 என்றிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஓய்வுபெற்ற ஒருவர் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடியிருக்கலாம். அல்லது யாரோ எண்ணில் கை வைத்திருக்கலாம். இரண்டும் நடக்கிறது.

எவ்வளவு ஓடியது என்பதைவிட எப்படி ஓடியது என்பதுதான் எனக்கு முக்கியம். ஒஷாவாவில் இருந்து மிசிசாகாவுக்கு 401 நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்குப் போய் வருபவரின் கார் வருடத்துக்கு 35,000க்கு மேல் ஓடிவிடும். எண் பெரிதாகத் தெரியும். ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒரே வேகத்தில், பிறேக் அதிகம் பிடிக்காமல் ஓடிய ஓட்டம் அது. மறுபக்கம், மைனஸ் பதினைந்தில் காரை எடுத்து, மூன்று கிலோமீற்றரில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, உடனே திரும்பி வந்து நிறுத்தும் கார். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். உள்ளே தங்கும் ஈரமும் எரியாத பெற்றோலும் ஒயிலோடு கலக்கும். அதனால்தான் பல கார்க் கையேடுகள் குளிரில் திரும்பத் திரும்ப ஓடும் குறுகிய ஓட்டத்தைக் கடுமையான பாவனை என்று வகைப்படுத்தி, ஒயிலை முன்கூட்டியே மாற்றச் சொல்கின்றன. சாப்பாடு டெலிவரி செய்த காரும் இதே வகைதான். கடை வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்த நேரம் எந்தக் கிலோமீற்றரிலும் ஏறாது. சில பிக்கப் வண்டிகளில் எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தைத் திரையில் பார்க்கலாம். இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

பராமரித்தால் ஒரு கார் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டில் ஆசிரியராக இருந்த இர்வ் கோர்டன் 1966இல் வாங்கிய வொல்வோ பி1800 காரை 2013இல் 30 இலட்சம் மைல் தாண்ட வைத்தார். கிட்டத்தட்ட 48 இலட்சம் கிலோமீற்றர். இடையில் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்திருக்கிறார். ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டதில்லை. நாலு இலட்சம் ஓடிய கொரோலாக்காரரைச் சந்தித்தால், எவ்வளவு ஓடியது என்பதோடு நிறுத்தாமல், எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றினார், எந்தக் கராஜுக்குப் போகிறார் என்றும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில்தான் உங்களுக்கு உதவும்.

குறைவாக ஓடிய காரையும் இங்கே துரு விடாது. குளிர்காலத்தில் வீதியில் போடும் உப்பு அடித்தகட்டையும் பிறேக் குழாய்களையும் அரிக்கும். கார் வெளியே நின்றாலும் இது நடக்கும். ஆகவே கராஜில் காரைத் தூக்கி அடியில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். விற்பவர் காட்டும் கராஜ் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தவர் நம்பும் கராஜாக இருக்கட்டும்.

எண் உண்மையிலேயே முக்கியமாகிற ஓர் இடம் உண்டு. நம் குடும்பங்கள் விரும்பி வாங்கும் ஹொண்டா ஒடிசி வானில் பல வருட மொடல்களின் வி6 எஞ்சினில் ரைமிங் பெல்ற் இருக்கிறது; எஞ்சினின் உட்பாகங்களை ஒன்றோடொன்று பொருந்தச் சுழல வைக்கும் ரப்பர்ப் பட்டி அது. சுமார் 160,000 கிலோமீற்றரில் அதை மாற்ற வேண்டும். கூடவே தண்ணீர்ப் பம்பையும் மாற்றுவது வழக்கம். மாற்றாமல் அறுந்தால் எஞ்சினே போய்விடும். 155,000 ஓடிய ஒடிசி மலிவாக வந்தால், அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். 180,000 என்றால் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, காட்டும் எண் உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்போதைய மீற்றர்கள் டிஜிட்டல். கருவியைச் செருகி எண்ணைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது குற்றம். ஒன்ராறியோவில் தனியாள் ஒருவர் பழைய காரை விற்றால் யூஸ்ட் வெஹிக்கிள் இன்ஃபொமேஷன் பக்கேஜ் என்ற ஆவணத் தொகுப்பை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரசு அலுவலகத்தில் அதற்கு 20 டொலர். இந்த மாகாணத்தில் கார் யார் யார் பெயரில் இருந்தது, கிலோமீற்றர் விபரம், கார் மேல் கடன் நிற்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பவர் இழுத்தடித்தால் நீங்களே எடுக்கலாம். வேறு மாகாணத்திலோ அமெரிக்காவிலோ ஓடிய காலம் அதில் வராது; அதற்குக் காரின் பழைய விபரங்களைத் திரட்டித் தரும் கார்ஃபக்ஸ் அறிக்கையும் பாருங்கள். அமெரிக்காவில் இருந்து வந்த காரின் மீற்றர் மைலில் இருக்கலாம். 160,000 மைல் என்பது 257,000 கிலோமீற்றர்.

பிறகு காரின் உள்ளே ஏறி உட்காருங்கள். உண்மையிலேயே 70,000 மட்டும் ஓடிய காரில் பிறேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்காது, ஓரத்தில் இரும்பும் தெரியாது. சாரதி இருக்கையின் கதவுப் பக்க ஓரம் நசுங்கிக் கிழிந்திருக்காது. முன் கண்ணாடியின் மேல் மூலையிலும் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலும் ஒயில் மாற்றிய ஸ்டிக்கரைத் தேடுங்கள். மீற்றரில் 92,000 இருக்க, ஸ்டிக்கரில் அடுத்த ஒயில் 148,000இல் என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை, இறங்கி வந்துவிடுங்கள்.

தனியாள் போல நடித்து, அனுமதியில்லாமல் வரிசையாகக் கார் விற்பவர்கள் நம் ஆட்களுக்குள்ளும் உண்டு. அவர்களைப் பிடிக்க எளிய வழி, தொலைபேசியில் "கார் விஷயமா எடுக்கிறன்" என்று மட்டும் சொல்வது. "எந்தக் கார்?" என்று திருப்பிக் கேட்டால் அவரிடம் பல கார் இருக்கிறது. ஆவணத்தில் உள்ள பெயரும் அவருடைய லைசென்ஸில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். தமிழர், ஊர்க்காரர் என்பதற்காக இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பதிவுபெற்ற டீலர்களை ஓம்விக் என்ற அமைப்பு கண்காணிக்கிறது. கார் ஓடிய மொத்தத் தூரத்தையும், ரக்சியாக ஓடியதா என்பதையும் டீலர் ஒப்பந்தத்தில் எழுத்தில் சொல்ல வேண்டும். தவறாகச் சொல்லியிருந்தால் காரை எடுத்த 90 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறிக்க உங்களுக்கு வழி உண்டு. தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை டீலரிடமும் இல்லை. கையெழுத்து வைத்தால் வைத்ததுதான். "சேஃப்டி எடுத்துத் தாறம்" என்பதையும் உத்தரவாதம் என்று நினைக்க வேண்டாம். சேஃப்டி என்பது கராஜில் காரைப் பரிசோதித்துக் கொடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் 36 நாளுக்குச் செல்லும். பரிசோதித்த நாளில் கார் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

எனக்கு இரண்டு கார் காட்டினால், 210,000 ஓடிய, ரசீதுகள் எல்லாம் உள்ள, ஒரே ஆள் வைத்திருந்த கொரோலாவைத்தான் எடுப்பேன். 90,000 என்று சொல்லி ஒரு துண்டுக் கடதாசியும் காட்டாத காரை விலை குறைத்தாலும் எடுக்கமாட்டேன்.

கார் உங்கள் கைக்கு வந்த பிறகு காப்புறுதிக்காரர் வருடத்துக்கு எவ்வளவு ஓடுவீர்கள், வேலைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்பார். பிறிமியத்தைக் குறைக்கக் குறைத்துச் சொல்லச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் கேட்காதீர்கள். டெலிவரி ஓடத் தொடங்கினால் அதையும் முதலே சொல்லுங்கள். சொல்லாமல் ஓடி விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். ஒயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரசீதில் திகதியும் கிலோமீற்றரும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு உறையில் போட்டுக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.