திகதி கொடுப்பதற்கு முன்: மலையகத்து மிருதங்கக்காரர் பங்குனியைச் சமாளிப்பது எப்படி

மலையகத்தில் வாத்தியம் வாசித்துப் பிழைக்க நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு கச்சேரிக்கு எவ்வளவு கேட்கலாம்?" என்பதைத்தான். எந்த பஸ்ஸில் திரும்புவது என்று ஒருவரும் கேட்பதில்லை. பொகவந்தலாவைக்கு அப்பால் உள்ளே ஒரு தோட்டத்து டிவிஷனில் இரவுப் பூசைக்கு வாசித்துவிட்டு, கடைசி பஸ் போன பிறகு ஹட்டனுக்கு ஆட்டோ பிடித்துப் பாருங்கள். வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு ஆட்டோக்காரருக்குப் போய்விடும்.

அதனால் நான் மாதத்தைப் பாதையை வைத்துத்தான் பிரிக்கிறேன். ஒரே பாதையில் இருக்கும் கோவில், கல்யாண வீடு, அக்கா வீடு எல்லாம் ஒரே பயணத்தில் முடிய வேண்டும். பங்குனியை வைத்துச் சொல்கிறேன். தோட்டத்துத் திருவிழாக்கள், பங்குனி உத்திரம், சிவனொளிபாதமலைக்குப் போகும் கூட்டம், நுவரெலியாவின் ஏப்ரல் சீசன், பிள்ளைகளின் பாடசாலை விடுமுறை, கடைசியில் சித்திரைப் புத்தாண்டு என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் மாதம் அது. பங்குனியைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவருக்கு மற்ற மாதங்கள் பெரிய காரியமில்லை.

நாட்காட்டியில் முதலில் எழுத வேண்டியவை

கச்சேரிகளை முதலில் எழுதாதீர்கள். முதலில் 10ஆம் திகதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். தோட்டத்தில் சம்பளம் போடுவது அதை ஒட்டித்தான். கோவிலுக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்ப்பதும், கல்யாண வீட்டார் முற்பணம் கொடுக்கத் துணிவதும் அதற்குப் பிறகுதான். மாதக் கடைசியில் போய்ச் சன்மானம் பேசினால் நீங்களும் சங்கடப்படுவீர்கள், தோட்டத் தலைவரும் சங்கடப்படுவார்.

அடுத்தது பௌர்ணமி விடுமுறையான போயா தினம். பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் அன்று கோவில்களில் நமக்கு வேலை இருக்கும். மதுக்கடைகள் மூடியிருக்கும் நாள் என்பதால் ஹோட்டல்களில் பாட்டு வைப்பது அபூர்வம். ஆக அந்த நாளைக் கோவிலுக்கே எழுதிவிடலாம், யோசிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவதாகக் குடும்பத்துக் காரியங்கள். இங்கேதான் நம்மவர்கள் பலர் சறுக்குகிறார்கள். பண்டாரவளையில் அக்காவின் மகளுக்குச் சடங்கு என்றால் தாய்மாமன் சீர்வரிசைத் தட்டோடு வாசலில் நிற்க வேண்டும். "அன்றைக்கு எனக்குக் கச்சேரி" என்று சொல்லும் தாய்மாமனை எந்த அக்காவும் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். ஐயரிடம் நாள் பார்க்கப் போகும்போதே உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி அக்காமாரிடம் கேட்டுவையுங்கள். நாள் குறித்த பிறகு மாற்றமாட்டார்கள். குறிப்பதற்கு முன் என்றால் ஒரு வாரம் தள்ளிப்போட மனம் வைப்பார்கள்.

இன்னொன்று: சொந்த வீட்டு விசேஷத்தில் வாசிக்காதீர்கள். "நம்ம வீட்டிலேயே வித்துவான் இருக்கும்போது வெளியே ஏன் ஆள் பிடிக்க வேண்டும்?" என்று பெரியப்பா கேட்பார். கேட்கட்டும். மேடையில் உட்கார்ந்தால் மாமனாகவும் இருக்க முடியாது, மிருதங்கக்காரராகவும் ஒழுங்காக இருக்க முடியாது. தெரிந்த தம்பி ஒருவரைச் சொல்லி, அவருக்குரிய சன்மானத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

பாதையைக் கோர்ப்பது

நான் இருப்பது ஹட்டனில். எனக்குக் கோர்வை இப்படி அமையும். வெள்ளிக்கிழமை தலவாக்கலைப் பக்கம் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா. இரவு தலைவர் வீட்டில் படுக்கை. சனிக்கிழமை காலை நுவரெலியா, மாலையில் ஹோட்டலில் வாசிப்பு. ஞாயிறு காலை வெலிமடை வழியாகப் பண்டாரவளைக்கு பஸ். அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. திரும்பும்போது ஹப்புத்தளை, பட்டிப்பொல, நானுஓயா வழியாக ரயில். இந்தச் சுற்றில் எந்தப் பாதையையும் வீணாக இரண்டு தடவை மிதிக்க வேண்டியதில்லை. யாராவது அதே சனிக்கிழமைக்கு மஸ்கெலியாவில் கூப்பிட்டால், எவ்வளவு கொடுப்பதாகச் சொன்னாலும் மறுத்துவிட்டு, அந்தப் பக்கம் இருக்கும் நண்பரின் இலக்கத்தைக் கொடுத்துவிடுவேன்.

பதுளைவரை 1924இல் போட்டு முடித்த ரயில் பாதை அழகுதான். ஆனால் அதை மட்டும் நம்பித் திகதி கொடுக்க வேண்டாம். 2025 நவம்பர் டிட்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிவில் சிக்கியது நினைவிருக்கும். எந்த மழைக்காலமானாலும் புறப்படும் முதல்நாள் ரயில் நிலையத்தில் விசாரியுங்கள். மாற்று பஸ் எது என்பது தெரிந்திருக்கட்டும். பங்குனி, சித்திரையில் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயாவரை. அந்த மாதங்களில் சனி ஞாயிறுகளிலும் போயாவை ஒட்டியும் ஹட்டன் நிலையமும் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களும் யாத்திரிகர்களால் நிரம்பிவிடும். கடுங்குளிருக்கு மூட்டை முடிச்சோடு வருகிறவர்களுக்கு நடுவில் மிருதங்கப் பையை நுழைப்பது லேசில்லை. முடிந்தால் வெள்ளி காலையில் ஊரைத் தாண்டிவிடுங்கள். ரயிலில் பையை மேல்தட்டில் வைக்காதீர்கள், கதவருகிலும் வைக்காதீர்கள். படம் எடுக்க வாசலில் தொங்கும் வெளிநாட்டவர்கள் அதைத் தெரியாமல் மிதிப்பார்கள், மன்னிப்பும் கேட்பார்கள், நமக்கோ தோல் போயிருக்கும். இரண்டு கால்களுக்கும் நடுவில், வலது முகமான வலந்தலை மேலே பார்த்தபடி நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளிரும் தோலும்

பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். ஒரே நாளில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனால் உடம்பு ஸ்வெட்டர் கேட்கும். வாத்தியம் அதைவிட அதிகமாகக் கேட்கும். தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்து சுருதி கீழே இறங்கிவிடும். போய்ச் சேர்ந்ததும் பையைத் திறந்து, காற்று நேரடியாகப் படாத அறையில் வாத்தியத்தை வைத்துவிடுங்கள். வந்த உடனே சுருதி கூட்டினால் பிறகு மேடை விளக்குச் சூட்டில் சுருதி ஏறிக்கொண்டே போகும், பாடுகிறவர் உங்களை முறைப்பார்.

தோட்டத்துக் கோவிலில் தப்புப் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த சருகும் பழைய பத்திரிகையும் போட்டு மூட்டிய தீயின்மேல் தப்பைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே வருவார்கள். இடையிடையே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். 'தொப்' என்ற சத்தம் 'டண்' என்று மாறும் கணத்தில் தீயை விட்டு எடுத்துவிடுவார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மிருதங்கத்தையும் தீயருகே கொண்டுபோய்விடாதீர்கள். வலந்தலையின் நடுவில் இருக்கும் கரணை என்ற கறுப்பு வட்டம் வெடித்துவிடும். நமக்குச் சூடு காட்டுவது மின்குமிழ் வெளிச்சம் எட்டும் தூரத்தோடு சரி.

தொப்பி என்ற இடது முகத்தில் ஒட்ட ரவை பிசைய வெந்நீர் கேட்டு வாங்குங்கள். வாசித்து முடித்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ரவையைச் சுரண்டி எடுத்து ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும். மலைக் குளிரில் அது காயாமல் பூசணம் பிடித்து, தோலையும் கெடுத்து, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரையும் எழுப்பி ஓட்டிவிடும்.

நட்டும் போல்ட்டும் பூட்டிய மிருதங்கத்தைக் கண்டு மூக்கைச் சுளிக்கும் வித்துவான்கள் இருக்கிறார்கள். வார் பிடித்த வாத்தியத்தின் நாதம் தனிதான், மறுக்கவில்லை. அவர்கள் ஒரு தடவை மழைநாளில் நுவரெலியா வந்து, அரை மணி நேரத்துக்கொரு முறை கல்லால் தட்டிச் சுருதி சேர்த்துவிட்டுப் பேசட்டும்.

எந்த வாத்தியத்தை எடுத்துப் போவது என்பது பாடுகிறவரின் சுருதி எத்தனை கட்டை என்பதைப் பொறுத்தது. பெண்குரல் என்றால் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டி இருக்கும், நீளம் குறைந்த மிருதங்கம் வேண்டும். ஆண்குரல் 1 கட்டையில் என்றால் பெரியது. தொலைபேசியில் திகதியைக் கேட்கும்போதே "யார் பாடுகிறார், எத்தனை கட்டை?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டையும் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது.

விரலுக்குச் சூடு வேண்டுமென்றால் பிளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருங்கள். இஞ்சி போட்டுத் தரச் சொன்னால் இன்னும் நல்லது.

மேடையில்

தோட்டத்துத் திருவிழாவில் தப்புக்குழுவினர்தான் மூத்தவர்கள். மாசியில் காமன் கூத்துக்கு இரவிரவாக அடித்த கை ஆறுவதற்குள் பங்குனித் திருவிழாவுக்கு அவர்களே வந்து நிற்பார்கள். நமக்குக் கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, அவர்களை வெளியே பனியில் நிறுத்தி வைக்கும் சபைகள் இன்னமும் உண்டு. உங்களுக்கு வந்த பிளேன்டீயோடு அவர்களுக்கும் வரும்வரை கோப்பையைத் தொடாதீர்கள். ஒரு தடவை அப்படி இருந்தால் போதும், அடுத்த வருடம் கேட்காமலே எல்லாருக்கும் வரும். அவர்களின் அடியைக் கவனித்துக் கேட்பதால் நம் கைக்கும் இலாபம்.

ஒலிபெருக்கி அனுமதியைப் பற்றித் திருவிழாச் சபையிடம் முன்பே விசாரியுங்கள். 2007இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி வைக்க முடியாது. விசேஷ நாட்களுக்குப் பொலிஸ் தனியாக அனுமதி தர வேண்டும். அனுமதிக் கடிதம் இல்லையென்றால் தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பின்னுக்குத் தள்ளாமல் ஒன்பதரைக்குள் வாசித்து முடித்துவிடுங்கள்.

ஹோட்டல் வேறு உலகம். அங்கே கீபோர்ட், பாடகர், நான் தபேலாவோடு. சாப்பிடுகிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், அது அவமரியாதை இல்லை. சிங்களப் பாட்டும் பழைய ஹிந்திப் பாட்டும் கேட்பார்கள். அவற்றின் நடைகளைக் கைப்பழக்கத்தில் வைத்திருங்கள். பணம் மட்டும் அன்றிரவே வாங்கிக்கொள்ளுங்கள். சீசனில் வாசித்த காசுக்கு ஒரு இடத்தில் வெசாக்வரை என்னை அலைய விட்டார்கள். பயணச் செலவைச் சன்மானத்தோடு சேர்க்காமல் தனியாகச் சொல்வதும் அதற்குப் பிறகு வந்த வழக்கம்தான்.

வீட்டில் இருக்கும் நாட்கள்

திங்கள் முதல் வியாழன்வரை எனக்கு வகுப்புகள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் மாதாமாதம் ஒரு நிலையான வரவு கிடைக்கும். ஞாயிறு காலை மட்டும் வகுப்பு வைக்காதீர்கள், அறநெறிப் பாடசாலை இருக்கிறது.

பொகவந்தலாவையில் அம்மா இன்னும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் இருக்கிறார். அங்கே போகும் நாளில் சாதகத்தை விடியற்காலையில் தொடங்கினால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சித்திக்குத் தலைவலி. எல்லாரும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குப் போய், லயம் காலியான பிறகு வாசிப்பேன். மதியம் கொழுந்து நிறுத்து முடித்து வருகிறவர்களுக்கு அம்மா ரொட்டியும் சம்பலும் எடுத்துவைக்கும் நேரத்தில் வாத்தியம் உறைக்குள் போய்விட வேண்டும், இது அம்மாவின் சட்டம். இரவில் கை பழக வேண்டுமென்றால் தலையணை போதும்.

புத்தாண்டுக்கு முந்திய நாளும் புத்தாண்டும் யார் கூப்பிட்டாலும் கிடையாது. ஏப்ரல் சீசனில் நல்ல காசு வரும் நாட்கள் என்று தெரியும். என் மனைவி பாலர் பாடசாலை ஆசிரியை. அவருக்கும் மகளுக்கும் எனக்கும் ஒன்றாக விடுமுறை கிடைப்பது அப்போது மட்டும்தான். அந்த இரண்டு நாட்களைத் தை மாதத்திலேயே நாட்காட்டியில் சிவப்பால் அடித்துவிடுவோம், அடிக்கிறவர் மனைவி.

புத்தாண்டு கழிந்ததும் வாத்தியத்தைத் தோல் மாற்றக் கொடுங்கள். மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் ஹட்டன் பக்கம் புதுத் தோல் காய்ந்து இறுகுவது பெரும்பாடு. எல்லாரும் அந்த வாரம்தான் கொண்டுபோவார்கள் என்பதால், தோல் மூட்டுகிறவருக்குப் பங்குனி நடுவிலேயே தொலைபேசி எடுத்து இடம் பிடித்துவையுங்கள். மூட்டு முடியும்வரை கையில் இருக்கும் மற்ற வாத்தியத்தின் சுருதிக்குப் பாடுகிறவர்களுக்கு மட்டும் திகதி கொடுங்கள்.