எந்த ஃபேன் சத்தம் போடுகிறது?

பழைய டெஸ்க்டாப்பில் எப்போதாவது ‘கர்ர்’ என்று சத்தம் கேட்டால், அது எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். ஆன் செய்ததும் கரகரத்து, சில நிமிடங்களில் அடங்கினால் பெரும்பாலும் ஃபேன் சுழலத் தாங்கும் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கும். கேம் ஓடும்போது மட்டும் இரைந்தால் தூசியைச் சந்தேகியுங்கள். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் உலோகத் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி அப்பியிருக்கும். ‘டிக் டிக்’ என்றால் ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது.

எந்த ஃபேன் என்று தெரியவில்லையா? பக்க மூடியைக் கழற்றி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு நுனியை ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீட்டி, மறுநுனியில் காது வைத்துக் கேளுங்கள். துல்லியமாகக் காட்டிக்கொடுத்துவிடும். குழல் நுனி இறக்கையில் படக்கூடாது.

கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான பவர் சப்ளையை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.