முத்துசாமி தீட்சிதரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது எப்படி, பாடமாக்காமல்

கலைவிழா என்றாலும் சரி, சங்கீத அறிமுறைப் பரீட்சை என்றாலும் சரி, எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே பழக்கம்தான்: வாக்கேயகாரர், அதாவது வரியும் மெட்டும் தாமே அமைத்தவர், ஒருவரின் வரலாற்றைக் கொப்பியில் பார்த்து அப்படியே பாடமாக்குவது. பிறந்த ஆண்டு, தகப்பன் பெயர், பாட்டுக்குள் வைக்கும் கையொப்பச் சொல்லான முத்திரை, இறந்த ஆண்டு. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு மேடையில் என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தி இரண்டாவது ஆண்டை மறந்து, அதோடு எல்லாமே மறந்து, மைக்குக்கு முன்னால் விறைத்துப் போய் நின்றாள். பிழை அவளில் இல்லை, அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தது நான்.

இப்போது வேறு மாதிரிச் சொல்லிக் கொடுக்கிறேன். ஏ9 வீதியில் வவுனியா போகிறவர்களுக்கு ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம் என்று ஊர்ப்பெயர்கள் தானாகவே வாயில் வரும், அதை யாரும் இருந்து பாடமாக்கியதில்லை. கர்நாடக சங்கீத வாக்கேயகாரர் முத்துசாமி தீட்சிதரின் வாழ்க்கையும் அப்படி ஒரு நீண்ட வழிதான். கொப்பியில் ஒரு கோடு கீறி, திருவாரூர், மணலி, காசி, திருத்தணி, மறுபடி திருவாரூர், எட்டயபுரம் என்று குறியுங்கள். அப்புறம் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒரு பாட்டைக் கட்டிவிடுங்கள். ஆண்டு மறந்து போனாலும் பாட்டு இழுத்துக்கொண்டு போகும்.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் பஸ் நகராதே, பேச்சையும் ‘வாதாபி கணபதிம்’ முதல் வரியைப் பாடித் தொடங்குங்கள். அது ஹம்சத்வனி. அந்த ராகத்தை உருவாக்கியவர் தீட்சிதரின் தகப்பனார் ராமசாமி தீட்சிதர் என்று சொல்வார்கள், ஆக ஒரே வரியில் தகப்பனும் மகனும் வந்துவிட்டார்கள். தியாகராஜரும் சியாமா சாஸ்திரிகளும் பிறந்த அதே திருவாரூர்தான் இவருக்கும் ஊர். பிறந்த ஆண்டைச் சில புத்தகங்கள் 1775 என்றும் சில 1776 என்றும் போடும். மன்மத வருடம், பங்குனி மாதம், கார்த்திகை நட்சத்திரம் என்பதே மரபாகச் சொல்லும் குறிப்பு. மன்மத வருடம் தொடங்கியது 1775 சித்திரையில், அதன் பங்குனி வருவது 1776இல், குழப்பம் அவ்வளவுதான். பரீட்சைக்கு உங்கள் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள், மேடையில் இந்தக் கணக்கைச் சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும்.

மணலியில் கொஞ்சம் நில்லுங்கள், பலர் ஓடிக் கடந்துவிடும் இடம் இது. சென்னைக்குப் பக்கத்து ஊர், அங்கே குடும்பத்தை ஆதரித்தவர் வேங்கடகிருஷ்ண முதலியார். அவர் வழியாகத்தான் சகோதரர்கள் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரரின் பாண்டு இசையைக் கேட்டார்கள். தம்பி பாலுசாமி வயலின் பழகி அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார், அண்ணன் அந்த மெட்டுகளுக்கே சமஸ்கிருதத்தில் வரிகள் போட்டார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். ‘சந்ததம் பாஹி மாம்’ பாடிக் காட்டுங்கள், அது பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டு என்று பிறகு சொல்லுங்கள். முதலில் சொல்லிவிட்டால் ருசி போய்விடும்.

காசியில் குரு சிதம்பரநாத யோகியோடு சில வருடங்கள். அங்கே காதில் விழுந்த இந்துஸ்தானி இசையின் சாயல் யமுனாகல்யாணியில் அமைந்த ‘ஜம்பூபதே’யில் தெரியும், அதைப் பாடுவது கடினம், பெயர் சொன்னால் போதும். திருத்தணியில் ஒரு முதியவர் வாயில் கற்கண்டு போட்டதும் முதல் கிருதி பிறந்தது என்பது கதை. கதை என்று சொல்லியே சொல்லுங்கள். ஆனால் அந்த ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ மாயாமாளவகௌளை, நாங்கள் எல்லோரும் முதல் நாள் சரளி வரிசை பாடிய அதே ராகம், முத்திரை ‘குருகுஹ’வும் அதிலேயே இருக்கிறது. திருவாரூருக்குத் திரும்பியதும் அங்குள்ள அம்மன் கமலாம்பா மேல் பாடிய கிருதித் தொகுதியான கமலாம்பா நவாவரணம், தஞ்சை நால்வர் என்ற நாட்டிய ஆசான்களான சகோதரர்கள் அவரிடம் பயின்றது, இவற்றை இரண்டு வசனத்தில் முடியுங்கள்.

நேரத்தை எட்டயபுரத்துக்கு மிச்சம் பிடியுங்கள். போகிற வழியில் நிலம் காய்ந்து கிடந்ததாம், அமிர்தவர்ஷிணியில் ‘ஆனந்தாமிர்தாகர்ஷிணி’ பாடி, ‘வர்ஷய வர்ஷய’, அதாவது பொழி பொழி, என்று கேட்டதும் மழை கொட்டியதாம். இதுவும் கதைதான். ஆனால் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி என்று ஆளுக்கு ஆள் விசாரிக்கிற சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அந்த ஒரு சொல்லை மூன்று தரம் பாடினால் பின்வரிசைப் பெரியவர்களே தலையாட்டுவார்கள்.

இதெல்லாம் எங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று நடுவர் கேட்கலாம். பாலுசாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைச் சொல்லுங்கள். தீட்சிதரின் கிருதிகளை ஸ்வரக் குறிப்போடு அச்சில் தந்த நூல் அது.

முடிவு 1835, தீபாவளி நாள். சீடர்கள் ‘மீனாக்ஷி மே முதம் தேஹி’ பாடிக்கொண்டிருக்க, ‘மீனலோசனி பாசமோசனி’ என்ற இடத்தில் உயிர் பிரிந்ததாகச் சொல்வார்கள். இங்கே குரலை நடுங்க வைக்கவோ கண்ணைத் துடைக்கவோ வேண்டாம். அந்த வரியை ஒருமுறை மெதுவாகப் பாடி, கும்பிட்டுவிட்டு, கதிரையில் போய் இருங்கள்.