கெர்னலைத் தாண்டிப் போகிறவர்கள் இடறும் இடங்கள்

கெர்னலை விட்டுவிட்டு, புரோகிராமே நெட்வொர்க் கார்டிடம் நேரடியாகப் பாக்கெட் வாங்க உதவும் லைப்ரரிதான் டிபிடிகே. அதை வைத்து சர்வர் எழுத வரும் புதியவர்களின் கோடு அடிக்கடி என் பார்வைக்கு வரும். நாங்களெல்லாம் ஒரு காலத்தில் விழுந்த அதே குழிகள். ஹியூஜ்பேஜ் (பெரிய மெமரிப் பக்கங்கள்) ஒதுக்க மறப்பது, கார்டைக் கெர்னலிடமிருந்து பிரித்து விஎஃப்ஐஓ டிரைவரில் கட்டாமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. புரோகிராம் தொடங்கும்போதே அவை கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். சத்தமே போடாமல் கெடுப்பவைதான் தொல்லை.

சிபியு 100 சதவீதம் என்று பதறுவது

போலிங் செய்யும், அதாவது பாக்கெட் வந்ததா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் கோர், பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் 100தான் காட்டும். வெறுங்கையோடு திரும்பிய சுற்றுகளை எண்ணுங்கள், உண்மையான பளு தெரியும்.

கார்டு ஒரு சிபியு சாக்கெட்டில், மெமரி இன்னொன்றில்

10 ஜிகாபிட் லிங்க்கில் 64 பைட் பாக்கெட்டுகள் நொடிக்கு 1.488 கோடி வரை வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோநொடி. பக்கத்து சாக்கெட்டின் மெமரிக்கு ஒருமுறை போய்வந்தாலே அது தீர்ந்துவிடும்.

எம்பஃப் பூலைக் கணக்குப் போடாமல் விடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். எம்பஃப் என்பது பாக்கெட்டைப் போட்டு வைக்கும் பஃபர்; பூல் என்பது முன்கூட்டியே ஒதுக்கி வைத்த எம்பஃப்களின் தொகுப்பு.

டிபிடிகேயோடு வரும் எளிய ஃபார்வர்டிங் எடுத்துக்காட்டில் போர்ட்டுக்கு 8191 எம்பஃப், ஆர்எக்ஸ் (வாங்கும்) ரிங் 1024, டிஎக்ஸ் (அனுப்பும்) ரிங் 1024. அது போர்ட்டுக்கு ஒரே கியூ என்று வைத்து எழுதியது. நம் ஆட்கள் அதை அப்படியே எடுத்து, கியூவை மட்டும் நான்காக்குவார்கள். கியூவுக்கு ஒரு ரிங் என்பதால் இப்போது ஆர்எக்ஸ் பக்கம் 4096 வேண்டும். டிஎக்ஸ் நிரம்பினால் அங்கே இன்னொரு 4096. ஆக 8192, பூலில் இருப்பதோ 8191! ஒவ்வொரு கோரும் தனக்கென வைத்திருக்கும் பூல் கேஷில் முடங்கிக் கிடப்பவற்றையும் அப்ளிகேஷன் பிடித்து வைத்திருப்பவற்றையும் இன்னும் சேர்க்கவேயில்லை.

அப்புறம் இந்த ஜீரோ காப்பி மோகம், அதாவது தரவைக் காப்பியே செய்யக்கூடாது என்ற பிடிவாதம். 60 பைட் கோரிக்கை ஒன்று வருகிறது. டேட்டாபேஸ் பதில் சொல்லும்வரை அந்த எம்பஃபையே கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள். 60 பைட்டுக்காக 2 கேபி இடம் மாட்டிக்கொள்கிறது. டிசிபி விண்டோவோ (இன்னும் எவ்வளவு அனுப்பலாம் என்று எதிர்முனைக்குச் சொல்லும் அளவு) பைட்டில்தான் கணக்கு வைக்கும். 64 கேபி விண்டோவை 60 பைட் துண்டுகளாக நிரப்பும் ஒரே ஒரு கிளையன்ட் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எம்பஃப்களை விழுங்கிவிடும். லினக்ஸ் கெர்னல் இதற்காகத்தான் ட்ரூசைஸ் என்று பஃபரின் முழு அளவையும் சாக்கெட் கணக்கில் ஏற்றுகிறது. சொந்தமாக டிசிபி ஸ்டாக் எழுதுகிறவர்கள் முதலில் கழற்றி வீசுவது அந்தக் கணக்கைத்தான்.

ஆர்எக்ஸுக்கும் டிஎக்ஸுக்கும் ஒரே பூல் என்றால் கதை இன்னும் மோசம். அனுப்பிய தரவை ஏசிகே (கிடைத்தது என்ற ஒப்புகை) வரும்வரை விட முடியாது. கிளையன்ட்டுகள் மெதுவானவர்களாக இருந்தால் பூல் முழுக்க ஏசிகேக்குக் காத்திருக்கும் எம்பஃப்கள்தான். ஏசிகே வந்தால் அவை விடுபடும். ஆனால் வரும் ஏசிகேயை வாங்கிப் போட எம்பஃப் இல்லை.

ஒரு குழு இதே நோய்க்கு ஸ்விட்ச்சைத் திட்டியது, கேபிளை மாற்றியது, ஆப்டிக்கையும் மாற்றியது. ரீட்ரான்ஸ்மிட் மட்டும் குறையவில்லை. எம்பஃப் கிடைக்காமல் போன தடவைகளை எண்ணும் ஆர்எக்ஸ்-நோஎம்பஃப் எண் எவ்வளவு என்று கேட்டேன். அதை யாரும் பிரிண்ட் செய்யவேயில்லை. ஒரு வரி சேர்த்துப் பார்த்தால், சூடு வைத்த ஆட்டோ மீட்டர் போல ஓடிக்கொண்டிருந்தது. ரிங்கில் இடமில்லாமல் கார்டு கைவிட்ட பாக்கெட்டுகளை எண்ணும் ஐமிஸ்ட் மட்டும் ஏறினால் பெரும்பாலும் கோர் வேகம் போதவில்லை என்று பொருள். நோஎம்பஃபும் சேர்ந்து ஏறினால் பூல் வற்றிவிட்டது. இந்த இரண்டு எண்களும் கண்ணில் படாமல் புரொடக்‌ஷனுக்குப் போகாதீர்கள்.

ஆர்எக்ஸுக்கும் டிஎக்ஸுக்கும் தனித்தனி பூல் வையுங்கள். சின்னச் சின்ன பேலோடைக் காப்பி செய்துகொண்டு எம்பஃபை உடனே பூலுக்குத் திருப்பிவிடுங்கள். வெறும் 60 பைட்டைக் காப்பி செய்ய என்ன பெரிய செலவு? விளம்பரப்படுத்தும் விண்டோவையும், பிடித்து வைத்திருக்கும் எம்பஃப்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சுருக்குங்கள்.

ஆர்எஸ்எஸ் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

ஆர்எஸ்எஸ் என்பது கார்டே ஐபி, போர்ட் எண்களை ஹாஷ் செய்து பாக்கெட்டுகளைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி. உள்ளே வரும் இணைப்புகளுக்கு அது சரி. உங்கள் சர்வரே டேட்டாபேஸுக்கு இணைப்புத் தொடங்கினால், பதில் வேறு கோரில் போய் விழலாம். அந்த ஹாஷை நீங்களே கணக்கிட்டு, தன் கோருக்கே திரும்பி வரும்படியான சோர்ஸ் போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்டிசிபி, சீஸ்டார் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள் இரண்டும் அப்படித்தான் செய்கின்றன.

டிசிபிடம்ப் இருக்கிறதே என்று நம்புவது

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப், கெர்னல் வழியாகத்தான் பார்க்கும். விஎஃப்ஐஓவில் கட்டிய கார்டில் அது எதையும் பார்க்காது. டிபிடிகேக்கென்றே டம்ப்கேப் என்ற கருவி உண்டு. ஆனால் உங்கள் புரோகிராம் டிபிடிகேயின் பிடம்ப் லைப்ரரியைத் தொடங்கி வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும்.