ஸ்பெஷல் கிடைச்சிருச்சுன்னு மொழிப் பாடத்தைக் கோட்டை விட்ராதீங்க

போன ஞாயித்துக்கிழமை ஹட்டன் டவுன்ல டீ குடிச்சிட்டு இருக்கும்போது, பேராதனை கேம்பஸ்ல முதல் வருஷம் முடிச்சிட்டு ஸ்பெஷல், அதான் ஒரே பாடத்துல பண்ற நாலு வருஷ டிகிரி, அதுக்குப் போகப் போற நாலு புள்ளைங்க டைம்டேபிளத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. அதுல ஒரு தங்கச்சி கேட்டுச்சு, "அண்ணா, இங்கிலீஷ் நான்-ஜிபிஏ தானே, மார்க் சராசரில சேராதே, அத மூனாவது வருஷம் பாத்துக்கலாம்ல?" இதே வார்த்தைய, இதே தெனாவெட்டோட, நானும் என் சீனியர்கிட்ட கேட்டிருக்கேன். அவரும் "ஆமாடா தம்பி, பாத்துக்கலாம்"னாரு. அதான் இத எழுதுறேன். கிளாஸ் கட் அடிக்காதீங்க, அசைன்மென்ட்ட நேரத்துக்குக் குடுங்கங்கற கதையெல்லாம் நான் சொல்ல மாட்டேன், அது உங்க அம்மாவே சொல்லுவாங்க.

லெவல் டெஸ்ட்ல வேணும்னே குறைச்சு எழுதுறது

மொழிப் பாடத்துக்கு குரூப் பிரிக்க வைக்கிற டெஸ்ட் அது, லேசான குரூப்புல போட்டா ஈஸியா ஏ எடுக்கலாம்னு ஒரு ஐடியா ஓடும். ஆனா கீழ் லெவல்ல போட்டா ஒவ்வொரு படியா ஏறித்தான் வரணும், ரெண்டு செமஸ்டர்ல முடிய வேண்டியது நாலு செமஸ்டருக்கு இழுக்கும், அதுக்குள்ள உங்க ஸ்பெஷல் பாடத்தோட ப்ராக்டிகல் வந்து குறுக்க படுத்துக்கும்.

நான்-ஜிபிஏன்னா சும்மான்னு நினைக்கிறது

இதப் பத்திதான் கொஞ்சம் கத்தணும்.

நான் ஜியோகிராபி ஸ்பெஷல். ரெண்டாவது வருஷம் புதன்கிழமை பகல் 1 மணிலருந்து 4 மணி வரைக்கும் ஜிஐஎஸ் ப்ராக்டிகல், எனக்கு விழுந்த இங்கிலீஷ் குரூப்பும் அதே புதன், 2 மணி. ரெண்டுல எத விடுறதுன்னு யோசிக்கவே இல்ல, கம்ப்யூட்டர் லேப்ல மேப் போடுறது ஜிபிஏல சேருது, இது சேராது, முடிஞ்சது கதை. அட்டெண்டன்ஸ் 80 வீதத்துக்குக் கீழ போய் எக்ஸாமுக்கே விடல. அடுத்த வருஷம் ஜூனியர் பேட்ச்சோட உக்காரலாம்னா அப்ப பீல்ட் ட்ரிப். நாலாவது வருஷம் ரிசர்ச்சுக்காகத் தோட்டம் தோட்டமா கேள்விக்கொத்து தூக்கிட்டு அலையறேன், எக்ஸாம் எழுதப் போனா முதல் நாள் ராத்திரி படிச்சதுதான் கையில, அதுலயும் பெயில்.

கடைசில என் ஜிபிஏ 3.42. செகண்ட் அப்பர் கிளாஸ், அதான் டிகிரிக்குக் குடுக்கிற ரெண்டாவது உயர்ந்த தரம், அதுக்கு 3.30 போதும். ஆனா ரிசல்ட் ஷீட்டுல கிளாஸ்ங்கற கட்டம் காலி. பேட்ச்சே கன்வகேஷனுக்கு அளவு குடுத்துக்கிட்டிருக்க, நான் ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன். உள்ள இருந்தவரு ஹேண்ட்புக்கத் திருப்பி ஒரு வரியக் காட்டினாரு: கிளாஸ் வேணும்னா எல்லாக் கட்டாயப் பாடத்தையும் குறிச்ச காலத்துக்குள்ள முடிச்சிருக்கணும். ஜிபிஏல சேராத பாடமும் கட்டாயப் பாடம்தான். மார்க்குக்குச் சேராத ஒன்னு கிளாஸத் தூக்கிட்டுப் போயிருச்சு! நாலு வருஷமா அந்த ஹேண்ட்புக் என் மேசைல இருந்துச்சுங்க, சூடான டீ கப்ப அது மேலதான் வைப்பேன்.

அம்மா கொழுந்து எடுத்த காசுல கன்வகேஷனுக்குன்னு ஒரு சேலை வாங்கி வச்சிருந்தாங்க. அத அந்த வருஷம் தீபாவளிக்குக் கட்டினாங்க. ஒன்னும் கேக்கல.

இப்ப விஷயத்துக்கு வாங்க. நாலு வருஷ ஸ்பெஷல் டிகிரிக்கு 120 கிரெடிட், வருஷத்துக்கு 30. உங்க பீடத்துல மொழிப் பாடம் அந்த 30க்குள்ள வருதா, வெளிய தனியா நிக்குதான்னு முதல்ல பாருங்க. தனியா நின்னா வாரத்துல நேரம் மட்டும் திங்கும், கணக்குல காட்டாது, அதுனாலதான் மறந்து போகுது. டிகிரி எடுக்க என்ன வேணும், கிளாஸ் எடுக்க என்ன வேணும்னு ஹேண்ட்புக்குல ரெண்டும் வேற வேற எடத்துல இருக்கும், ரெண்டையும் படிங்க. ரிப்பீட் அடிச்சா நூறு மார்க் எடுத்தாலும் பெரும்பாலும் சி-தான் குடுப்பாங்க, மொழிப் பாடம் ஜிபிஏல சேர்ற பீடமா இருந்தா அதுவும் வலிக்கும். முதல் வருஷத்துல ப்ராக்டிகல், ரிசர்ச் ஒன்னும் பெருசா இருக்காது, மொழிக்கு ஏத்த நேரம் அதுதான்.

பேச்சுச் சிங்களத்த நம்பி எக்ஸாமுக்குப் போறது

மொழிப் பாடமா சிங்களம் எடுக்கிறவங்களுக்கு இது. நம்ம ஆளுங்க கடைல, பஸ்ல வெளுத்துக் கட்டுவாங்க. ஆனா எழுத்துச் சிங்களம் வேற மிருகம். பேசும்போது மம யனவா, எயா யனவா, யாரு போனாலும் யனவாதான். எழுத்துல மம யமி, ஒஹு யயி, ஒவுஹு யதின்னு ஆளுக்கு ஆள் மாறும், நம்ம போறேன், போறான், போறாங்க மாதிரியே. நமக்கு இது லேசா வரணும், ஆனா யாரும் சொல்லித் தர்றதில்ல. எழுத்துக்கூட்டு இன்னொரு தலைவலி, நமக்கு ஒரே ஒரு க, அங்க அதுக்கு நாலு எழுத்து. இதையும் கஷ்டம்னு தள்ளி வைக்காதீங்க, அரச வேலைக்குப் போனா மற்ற அரச கரும மொழிலயும் தேர்ச்சி காட்டணும், அப்ப குழந்தை குட்டியோட உக்காந்து படிக்கணும்.

பிரெண்டு எடுத்தான்னு ஜப்பானீஸ் எடுக்கிறது

வேணாம்.

குரூப் மாத்த வாயால பர்மிஷன் வாங்குறது

எழுத்துல வாங்குங்க, கையெழுத்தோட. சரின்னு சொன்னவரே அப்புறம் "நான் அப்பிடிச் சொல்லலியே"ன்னத என் காதால கேட்டவன் நான்.

திங்கக்கிழமை காலைல 8 மணி குரூப்

வார லீவுக்கு வீட்டுக்குப் போறவங்களுக்கு மட்டும் இது. ஹட்டன்லருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி பேராதனைக்கு வரணும், மழை நாள்ல ரோட்டுல மண்ணு சரிஞ்சா அன்னைக்குக் கணக்கே வேற. 15 வாரத்துல 80 வீதம்னா 12 கிளாஸ், மூனுதான் விடலாம். அந்த மூனையும் மழையே எடுத்துக்கும்.

அந்தத் தங்கச்சிகிட்ட டீக்கடை பில்லத் திருப்பி, முதல்ல ஸ்பெஷல் பாடத்து ப்ராக்டிகல் நேரத்த மட்டும் எழுதச் சொன்னேன், அப்புறம் மிச்சம் இருக்கிற ஓட்டைல இங்கிலீஷ் குரூப்பத் தேடச் சொன்னேன். செவ்வாய் 10 மணி குரூப் ஒன்னு மாட்டுச்சு. "அன்னைக்கு டான்ஸ் ப்ராக்டிஸ் அண்ணா"ன்னு இழுத்துச்சு. நான் ஒன்னும் பேசல, டீக்கு காசக் குடுத்துட்டு வந்துட்டேன்.